கல்லூரித் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர்: எந்தச் சான்று எதற்கு?

ஒரு கல்லூரியில் பருவத் தேர்வு நடந்தபோது அறைக் கண்காணிப்பாளராக இருந்தேன். மூளை முடக்குவாதம் உள்ள மாணவி ஒருவர், தனக்காக எழுத ஒருவரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். முதன்மைக் கண்காணிப்பாளர் அவருடைய மாற்றுத்திறனாளி சான்றிதழை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அதில் 'கை, கால் இயக்கக் குறைபாடு, வலது கால், 60 சதவீதம்' என்று எழுதியிருந்தது. "காலில்தானேம்மா குறைபாடு, கைக்கு ஒன்றும் போடவில்லையே?" என்று அவர் கேட்டார். அந்த மாணவியின் வலது கை விரல்கள் மடங்கி, பேனாவைப் பிடிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்ததை அங்கிருந்த எல்லோரும் பார்த்தோம். ஆனால் காகிதத்தில் கை இல்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மாறி மாறித் தொலைபேசியில் பேசி அனுமதி கிடைப்பதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. அந்த நாற்பது நிமிடத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

முதன்மைக் கண்காணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. சான்றிதழும் போலி இல்லை. அந்த மாணவி நடப்பதற்குச் சிரமப்படுகிறார் என்பதற்கான சான்று அவரிடம் இருந்தது. எழுதுவதற்குச் சிரமப்படுகிறார் என்பதற்கான சான்று இல்லை. கல்லூரியில் தேர்வுச் சலுகை கேட்கும் மாணவர்களும் பெற்றோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான். 'நீங்கள் மாற்றுத்திறனாளியா, எத்தனை சதவீதம்?' என்பது ஒரு கேள்வி. 'இந்தத் தேர்வில் உங்களுக்கு எது தடையாக இருக்கிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும்?' என்பது வேறொரு கேள்வி. இட ஒதுக்கீடு, உதவித்தொகை, பேருந்துச் சலுகை ஆகியவற்றுக்கு முதல் கேள்விக்கான விடை போதும். தேர்வறைக்கு இரண்டாவது கேள்விக்கான விடை தேவை.

சட்டம் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக உயர்த்தியது. பார்வையின்மை, செவித்திறன் குறைபாடு போன்ற பழைய வகைகளோடு குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தசைச் சிதைவு நோய், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு, ஹீமோஃபிலியா, தலசீமியா போன்றவையும் அதில் சேர்ந்தன. இந்தச் சட்டத்தில் 'மாற்றுத்திறனாளி' என்பதற்கு ஒரு வரையறையும், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 'வரையறுக்கப்பட்ட அளவு மாற்றுத்திறனாளி' என்பதற்கு வேறொரு வரையறையும் உண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இட ஒதுக்கீடு, சேர்க்கையில் ஐந்தாண்டு வயதுத் தளர்வு ஆகியவை இரண்டாவது வகையினருக்கு மட்டுமே உரியவை. ஆனால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தேவையான மாற்றம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் 17-ஆவது பிரிவு 40 சதவீதம் என்ற கோட்டைப் போடவில்லை. நாம் வழக்கமாகச் 'சலுகை' என்று சொல்வது, யாரோ மனமிரங்கித் தருவதைப் போல ஒலிக்கிறது. சட்டத்தின் கண்ணில் இது தடையை நீக்குவதற்கான ஏற்பாடு, அதை மறுப்பது பாகுபாடு. புழக்கத்தில் உள்ள சொல் என்பதால் நானும் 'சலுகை' என்றே எழுதுகிறேன்.

அடிப்படை ஆவணத்திலிருந்து தொடங்குவோம். 2021 ஜூன் முதல் நாடு முழுவதும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைத் திட்டத்தின் இணையதளம் வழியாகத்தான் வழங்கப்பட வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் பதிவு செய்து, புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, கையில் உள்ள மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றை இணைத்தால், குறித்த நாளில் அரசு மருத்துவமனையிலோ மருத்துவ முகாமிலோ மருத்துவர்கள் நேரில் பரிசோதிப்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு வழிகாட்டுவது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். இணையத்தில் பதிவு செய்யத் தெரியாவிட்டாலும் அங்கே போய்க் கேட்கலாம். ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டமே சொல்வதால், படிப்பதற்கு வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் அங்கே புதிதாக வாங்க வேண்டியதில்லை.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, மருத்துவமனை வாசலிலேயே நின்று மூன்று விஷயங்களைப் படித்துப் பார்க்கும்படி சொல்வேன். குறைபாட்டின் வகை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, உடலின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது முழுமையாக உள்ளதா, சான்றிதழ் நிரந்தரமானதா அல்லது குறிப்பிட்ட ஆண்டுவரை மட்டும் செல்லுபடியாகும் தற்காலிகச் சான்றிதழா என்பவை அவை. நான் முதலில் சொன்ன மாணவியின் சான்றிதழில் 'மூளை முடக்குவாதம்' என்ற சொல் இருந்திருந்தால் தேர்வறையில் பேச்சே எழுந்திருக்காது. ஏனென்றால், ஒன்றிய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டு நெறிமுறைகளில், 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பார்வையற்றோர், இரு கைகளும் பாதிக்கப்பட்டோர், மூளை முடக்குவாதம் உள்ளோர் ஆகிய மூன்று பிரிவினர் விரும்பிக் கேட்டாலே சொல்வதை எழுதுபவரை அனுமதிக்க வேண்டும் என்று கூறப்பட்டது. மற்றப் பிரிவினர், எழுதுவதில் உடல்ரீதியான தடை இருக்கிறது என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் நிலையில் உள்ளவரிடம் தனிச் சான்று பெற்று வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. மருத்துவர் குறைபாட்டின் வகையை எந்தப் பெயரில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து ஒரு மாணவருக்கு இன்னொரு சான்று தேவைப்படுமா, படாதா என்பதே மாறிவிடுகிறது.

சதவீதம் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதை ஓரளவு தெரிந்துகொண்டால், அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது விளங்கும். மருத்துவ அளவீடு, உறுப்பு எவ்வளவு இயங்குகிறது, காது எத்தனை டெசிபலில் கேட்கிறது, கண்ணுக்கு எத்தனை தூரம் தெரிகிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு கண்ணில் பார்வையை முழுவதுமாக இழந்து, மற்றொரு கண் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அரசு அளவீட்டின்படி 30 சதவீதம் கிடைக்கும்; இட ஒதுக்கீட்டுக்கான கோட்டை அவர் தொடமாட்டார். அவருக்குப் பொறியியல் வரைபடத் தாளில் மூன்று மணி நேரம் கண்ணை ஊன்றி வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதை அந்த 30 என்ற எண் சொல்லாது. அதேபோல், இரண்டு கால்களும் செயலிழந்து சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு 80 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கலாம். அவருடைய கைகள் நன்றாக இருந்தால் அவருக்குத் தேவைப்படுவது எழுதுபவர் அல்ல, தரைத்தளத்தில் ஒரு தேர்வறையும் சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் ஒரு மேசையும்தான்.

இந்த முரண்பாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. மருத்துவப் பட்டம் பெற்ற விகாஷ் குமாருக்கு எழுத்துப் பிடிப்பு என்ற நரம்பியல் பாதிப்பு இருந்தது. மற்ற வேலைகளைச் செய்யும் கை, பேனாவைப் பிடித்து எழுதத் தொடங்கினால் மட்டும் இறுகிக்கொள்ளும். அவருடைய குறைபாடு 6 சதவீதம் என்றே மதிப்பிடப்பட்டது. குடிமைப் பணித் தேர்வில் அவர் கேட்ட எழுதுபவரை, 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று வழங்கிய தீர்ப்பில், 40 சதவீதம் என்ற அளவு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கானது, அதை எழுதுபவரைப் பெறுவதற்கான முன்நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதன் விளைவாக 2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென்று தனி நெறிமுறைகள் வந்தன. இன்றும் சில கல்லூரி அலுவலகங்களில் '40 இல்லையென்றால் விண்ணப்பிக்கவே முடியாது' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் இந்தத் தீர்ப்பின் பெயரையும் (விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி.) நாளையும் விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுதிக் கொடுங்கள். வாயால் வாதாடுவதைவிட அது நன்றாக வேலை செய்யும். நெறிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் நடப்பில் உள்ள சுற்றறிக்கையையும் கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

இப்போது அந்த இரண்டாவது ஆவணத்துக்கு, அதாவது என்ன தடை, என்ன தேவை என்று சொல்லும் மருத்துவச் சான்றுக்கு வருவோம். எனக்குத் தெரிந்து பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கிவிழும் இடம் இது. மருத்துவர்களுக்கு நோயின் பெயரை எழுதிப் பழக்கம். தேர்வு அலுவலருக்கோ நோயின் பெயர் பெரும்பாலும் விளங்காது. 'இவர் இன்ன நோய்க்கு எங்களிடம் சிகிச்சை பெற்று வருகிறார், தேவையான உதவியைச் செய்து தரவும்' என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. எத்தனை நிமிடம் கூடுதலாகத் தருவது, தனி அறை தேவையா, எழுதுபவர் தேவையா என்று எதுவும் அதில் இல்லை. அதே மருத்துவர், 'இவர் தொடர்ந்து 10 நிமிடம் எழுதினால் வலது கை விரல்கள் இறுகிவிடுகின்றன, மீண்டும் எழுத 5 நிமிட ஓய்வு தேவைப்படுகிறது, எழுத்தின் வேகம் நேரம் ஆக ஆகக் குறைகிறது, மூன்று மணி நேர எழுத்துத் தேர்வைத் தம் கையால் எழுதி முடிக்க இவரால் இயலாது, எனவே சொல்வதை எழுதுபவரும் ஈடுசெய்யும் (கூடுதல்) நேரமும் தேவை' என்று எழுதினால், படிப்பவருக்குக் கேள்வியே மிஞ்சாது.

அப்படிப்பட்ட கடிதம் கிடைக்க மாணவரும் கொஞ்சம் உழைக்க வேண்டும். மருத்துவர் உங்களை வெளிநோயாளிப் பிரிவில் பார்ப்பது சில நிமிடங்கள்தாம். நீங்கள் தேர்வெழுதுவதை அவர் பார்த்ததில்லை. ஆகவே வீட்டில் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் சிரமம் தொடங்குகிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை பக்கம் எழுத முடிகிறது, கடைசிப் பக்கத்தின் கையெழுத்து முதல் பக்கத்தைப் போல இருக்கிறதா என்று குறித்து, அந்தத் தாள்களையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறைப்பார்வை உள்ளவர்கள் எந்த அளவு எழுத்தில் வினாத்தாள் இருந்தால் படிக்க முடிகிறது என்பதைச் சோதித்துவிட்டுப் போகலாம். மனநலப் பாதிப்பு உள்ளவர்கள், மருந்தின் விளைவாகக் காலையில் மந்தமாக இருப்பது, நெரிசலான அறையில் பதற்றம் கூடுவது போன்றவற்றைச் சொல்லலாம். உள்ளதை உள்ளபடியே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சலுகையை ஏமாற்றிப் பெற்றால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டும் சேர்த்தோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிரமம்) போன்றவை உள்ளவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2018-இல் அறிவிக்கப்பட்ட மதிப்பீட்டு முறையின்படி இந்தச் சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான் தரப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். 18 வயதில் தரப்படுவது வாழ்நாள் முழுவதும் செல்லும். 18 வயது என்பது பெரும்பாலும் கல்லூரியின் முதலாண்டு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒரு மொழிப்பாட விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம் என்று எல்லாம் பெற்று எழுதிய பிள்ளை, அதே சான்றிதழோடு கல்லூரிக்கு வந்து, அது காலாவதியாகப் போகிறது என்பதை முதல் பருவத் தேர்வின்போதுதான் அறிகிறது. மறுமதிப்பீட்டில் நுண்ணறிவுச் சோதனையும் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பும் நடத்தப்படும். மருத்துவ உளவியலாளரிடம் ஒருமுறைக்கு மேல் போக வேண்டியிருக்கலாம். ஆகவே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, கல்லூரி திறப்பதற்கு முன் கிடைக்கும் இடைவெளியிலேயே இதற்கு நாள் வாங்கிவிட வேண்டும். பள்ளியில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் சலுகை வழங்கிய ஆணை கையில் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். கல்லூரியை அது கட்டுப்படுத்தாது என்றாலும், நேற்று முளைத்த குறைபாடு அல்ல என்பதற்கு அதைவிட நல்ல துணைச் சான்று இல்லை.

சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இல்லாத உடல்நலச் சிக்கல்களும் உண்டு. முதல் வகை நீரிழிவு அதில் இல்லை. கவனக்குறைவு மிகைச் செயல்பாடு (ஏ.டி.எச்.டி.) தனி வகையாக இல்லை. அதனால் எதுவுமே கேட்கக் கூடாது என்றாகிவிடாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், நீரிழிவு உள்ள மாணவர்கள் தேர்வறைக்குள் சிற்றுண்டி எடுத்துவர 2017 முதல் அனுமதிக்கிறது. மருத்துவரின் கடிதத்தோடு கல்லூரி முதல்வரிடம் இப்படிப்பட்ட சிறிய ஏற்பாடுகளைக் கேட்பதில் தவறே இல்லை. கொடுக்க வேண்டுமென்று சட்டத்தைக் காட்டி வற்புறுத்துவதுதான் கடினம்.

கல்லூரியில் யாரிடம் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. பல கல்லூரிகளில் சம வாய்ப்பு மையம் என்ற பெயரில் ஓர் அமைப்போ, பொறுப்பு ஆசிரியரோ இருப்பார். இல்லாவிட்டால் துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு எழுத வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் அங்கேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பார், முடிவு விரைவாக வரும். பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரியாக இருந்தால் விண்ணப்பம் முதல்வரின் பரிந்துரையோடு பல்கலைக்கழகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. சேர்க்கை முடிந்த முதல் மாதத்திலேயே கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வதே என் யோசனை.

விண்ணப்பத்தில் வேண்டியதைப் பிரித்து எழுத வேண்டும். 2018 நெறிமுறைகளின்படி ஈடுசெய்யும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத் தேர்வுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு. எழுதுபவர் வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்றும் கேட்கலாம். எழுதுபவரைக் கேட்டால், அவரைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நீங்களே அழைத்து வர வேண்டுமா, அவருடைய கல்வித் தகுதி உங்களுடையதைவிட எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்டர்னல் தேர்வு, செய்முறைத் தேர்வு, வாய்மொழித் தேர்வு ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். பருவத் தேர்வுக்கு அனுமதி வாங்கிவிட்டு இன்டர்னலில் சலுகையில்லாமல் எழுதி மதிப்பெண்ணை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு வாய்மொழித் தேர்வில் கேள்விகளை எழுத்தில் தரச் சொல்லலாம் என்பது ஆசிரியர்களுக்குத் தோன்றுவதே இல்லை. நாம் எழுதிக் கேட்டால் தயங்காமல் செய்கிறார்கள்.

வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் மருத்துவக் கோப்பைக் காட்ட வேண்டியதில்லை. அலுவலகத்தில் ஒருவர் பார்த்துச் சரிபார்த்தால் போதும். ஆசிரியர்களுக்குப் போக வேண்டியது, இன்ன மாணவருக்கு இன்ன ஏற்பாடு என்று சொல்லும் ஆணையின் நகல் மட்டுமே. குறிப்பாக மனநலம் சார்ந்த சான்றுகளை வகுப்பறையில் கைமாற்றிப் படிக்க விடாதீர்கள்.

அனுமதி ஆணை வந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரப்பட வேண்டியிருந்தும், தேர்வு மையத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவருடைய விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் கூறியது. ஆணை அலுவலகத்தில் இருப்பதும் அறைக் கண்காணிப்பாளருக்குத் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. தேர்வுக்கு ஓரிரு நாள் முன்பே முதன்மைக் கண்காணிப்பாளரைப் பார்த்து ஆணையின் நகலைக் கொடுத்து, எந்த அறை, எத்தனை மணி வரை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழையே மருத்துவமனை மறுத்தால், காரணத்தை எழுத்துபூர்வமாகத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை எதிர்த்து மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கல்லூரியோ பல்கலைக்கழகமோ சலுகையை மறுத்தால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, ஒரு கடிதம் போதும். விண்ணப்பத்தின் முத்திரையிட்ட நகல், சான்றிதழ், மருத்துவரின் கடிதம், மறுப்புக் கடிதம் ஆகிய நான்கையும் இணைக்க வேண்டும். மறுப்பை எழுதித் தரவே இல்லையென்றால், எந்த நாளில் யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை ஒரு தாளில் எழுதி நான்காவதாக அதை வையுங்கள்.